முடியாத வீடும் மூவகைத் தாபமும்

சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை சம்சாரிக்கு வருவது குற்றமும் அன்று, பேராசையும் அன்று. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டே வாழ்ந்து பழகிய ஒரு குடும்பம், சேமிப்பையெல்லாம் திரட்டி, நகைகளில் பாதியை விற்று, இனி இருபது வருஷ காலம் உழைக்கப்போகும் உழைப்பை இன்றைக்கே வங்கியில் ஈடு வைத்து, இன்னும் எழும்பாத ஒரு வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, 'அடுத்த தைக்குள் சாவி' என்ற வாக்கை நம்பிக் காத்திருக்கத் தொடங்கிய பின், அந்தத் தையும் போய் மறு தையும் போகிறபோது அவர்கள் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதை நாம் போதிய கவனத்துடன் ஆராய்வதில்லை. 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறோம். யாரிடம் பொறுமை, எதன் பொருட்டுப் பொறுமை, எதுவரையில் பொறுமை என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். அதைச் சொல்லாத வரையில் அந்த உபதேசம், நொந்தவனை வாய் மூடச் செய்யும் உபாயமாகவே முடிகிறது.

எனக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இவ்வாறு ஒரு வீடு வாங்கியிருக்கிறது. மனையில் பிரிபடாத பாகம் அவர்கள் பெயரில் பதிவாகிவிட்டது. வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால் அவர்கள் பெயர் வருகிறது. குடியிருக்க வீடுதான் இல்லை. மாதம் பிறந்தால் இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகை ஒரு பக்கம், வங்கி இதுவரை விடுவித்த தொகைக்கு வட்டி ஒரு பக்கம். அந்த வட்டியைக் கட்டுவதனால் அசலில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு போயிருந்தேன். கைப்பிடி வைக்காத படிகளில் ஏறிப் போனால், பூசாத சுவரில் மேஸ்திரி நூல் பிடித்து அடித்த நீலக் கோடும், தளத்திலிருந்து வளைந்து தொங்கும் மின்குழாய்களும், சன்னல் வர வேண்டிய இடத்தில் சதுரமாகக் கொஞ்சம் ஆகாயமும் தெரிந்தன. அந்த அம்மையார் சமையலறை என்று குறிக்கப்பட்ட மூலைக்குப் போய், கிழக்கு முகமாக நின்று, மேடை எந்த உயரத்துக்கு வரும் என்று கையை வைத்து அளந்து பார்த்தார். வருகிற ஒவ்வொரு முறையும் அவர் அவ்விதம் அளப்பதாகக் கணவர் என்னிடம் மெல்லச் சொன்னார். கீழே, வண்டிகள் நிறுத்துவதற்காக விட்டிருந்த தளத்தில், காவற்காரர் குடும்பம் மூன்று கல் கூட்டி உலை வைத்திருந்தது. எத்தனையோ குடும்பங்கள் குடிபுகக் காத்திருக்கும் அக்கட்டடத்தில் முதலில் குடிபுகுந்தவர்கள் அவர்களே. வேலை முடிகிற அன்று வெளியேற வேண்டியவர்களும் அவர்களே. தாமதம் ஒன்றினாலேயே தலைக்கு மேல் தளம் பெற்றிருக்கும் அவர்களை நினைப்பதனால் நம் வழக்கு தள்ளுபடியாகிவிடாது. ஆயினும் நம் துயரத்தின் உண்மையான அளவு இன்னது என்று அந்த நினைவு காட்டிவிடுகிறது.

சாங்கிய சாஸ்திரம் துன்பத்தை மூன்றாக வகுத்துக்கொண்டே தன் விசாரணையைத் தொடங்குகிறது. காற்று, மழை, வெயில், கிரகசாரம் முதலியவற்றால் நேர்வது ஆதிதைவிகம். பிற மனிதராலும் பிராணிகளாலும் நேர்வது ஆதிபௌதிகம். தன் உடம்பிலும் உள்ளத்திலும் தோன்றுவது ஆத்தியாத்மிகம். சாந்தி என்று மும்முறை சொல்லி வேத பாடத்தை நிறைவு செய்வது இம்மூன்று தாபங்களும் அடங்க வேண்டும் என்பதற்காகவே என்று பெரியோர் விளக்குவர். வீடு தாமதப்படுகிறவனுடைய துன்பத்தில் இம்மூன்றும் பிரித்தறிய முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. பில்டரிடம் கொள்ள வேண்டிய கோபத்தை அவன் ஐப்பசி மழையின் மேல் கொள்கிறான். மழையிடம் காட்ட வேண்டிய பொறுமையைப் பில்டரிடம் காட்டுகிறான். இரண்டு இடத்திலும் செல்லுபடியாகாத கசப்பைக் கொண்டுவந்து மனைவி மக்கள் மேல் கொட்டுகிறான். இவற்றை வேறு வேறாகக் காண்பதே இவ்விஷயத்தில் விவேகம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

தெய்வத்தால் வரும் தாமதத்துக்கு நம் முன்னோர் வீடு கட்டும் முறைக்குள்ளேயே இடம் கொடுத்து வைத்துவிட்டார்கள். அந்தகாசுரனோடு பொருத சிவபெருமானின் வியர்வைத் துளியிலிருந்து எழுந்து, உலகத்தையே விழுங்கப் பார்த்து, தேவர்களால் நிலத்தில் அழுத்தப்பட்டுக் கிடப்பவன் வாஸ்து புருஷன் என்பது புராணம். பஞ்சாங்கத்தின்படி அவன் ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்களில் கண் விழிப்பதே இல்லை. மற்ற எட்டு மாதங்களிலும் மாதத்துக்கு ஒரு நாள், மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிஷம் விழித்திருக்கிறான். அதிலும் பல் துலக்கி, நீராடி, பூஜை முடித்த பின், போஜனமும் தாம்பூலமும் கொள்ளும் 36 நிமிஷமே மனை முகூர்த்தத்துக்கு உத்தமம் என்பார்கள். கணக்குப் பார்த்தால் வருஷம் முழுவதிலும் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. இந்தக் கணக்கை நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் விடட்டும். வீடு என்பது மனிதன் நினைத்த மாத்திரத்தில் எழுந்துவிடுவதன்று, மண்ணும் மழையும் பருவமும் அதற்குச் சம்மதிக்க வேண்டும் என்ற ஓர் அடக்கத்தை அது தலைமுறை தலைமுறையாக நமக்குக் கற்பித்து வந்திருக்கிறது. மழைக்காலத்தில் மேல்தளம் போடாமல் நிறுத்தி வைத்த மேஸ்திரியிடம் கோபித்துக்கொள்ள நியாயம் இல்லை.

மனிதரால் வரும் தாமதம் வேறு. பில்டரின் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், மேஜைக்குப் பின்னால் இருக்கும் இளைஞர், 'எதுக்கும் நேரம்னு ஒண்ணு வரணும், சார்' என்று பஞ்சாங்கத்தின் பாஷையிலேயே பதில் சொல்லுகிறார். ஓரிடத்துக் கட்டடத்துக்கென வாங்கிய பணத்தை வேறோரிடத்துக் கட்டடத்தில் போட்டுவிட்டு, அதனால் வந்த தாமதத்துக்குக் காலதேவனைப் பொறுப்பாளியாக்குவது பெரிய அபசாரம். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டிருக்கிறது. யுத்தம், வெள்ளம், வறட்சி, தீ, புயல், பூகம்பம் முதலிய உற்பாதங்களால் வேலை தடைப்பட்டால் அதற்கு அவகாசம் நீட்டித் தர அது இடம் கொடுக்கிறது. அவ்விதக் காரணம் இன்றி, ஒப்பந்தத்தில் கண்ட தேதியில் வீட்டை ஒப்படைக்கத் தவறினால், விலகிக்கொள்ள விரும்புகிறவருக்குக் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். விலகாமல் காத்திருப்பவருக்கு, வீடு கைக்கு வரும் வரையில் மாதந்தோறும் வட்டி தர வேண்டும். வாங்குவோரிடம் பெறும் தொகையில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, அந்த மனைக்கும் அந்தக் கட்டடத்துக்குமே செலவிட வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளதே. காத்திருப்பவனுடைய காலமும் அவனுடைய சொத்து, அதை எடுத்துக்கொண்டவன் அதற்கு விலை கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற தர்மத்தையே இந்த மாத வட்டி சொல்கிறது.

இதைக் கேட்டு மனுப் போடுவது பொறுமைக்கு விரோதம் என்று தயங்கும் சாதுக்கள் உண்டு. மாளிகையை இழந்து வனத்தில் திரியும்போது திரௌபதி தருமபுத்திரனிடம் பிரகலாதன் பலிச் சக்கரவர்த்திக்குச் செய்த உபதேசத்தை எடுத்துக் காட்டுகிறாள். எப்போதும் சினப்பதும் நன்றன்று, எப்போதும் பொறுப்பதும் நன்றன்று என்பது அதன் சாரம். நமக்கு உகந்த இன்னொரு சாட்சி விவிலியத்தில் இருக்கிறது. தேசம் முழுவதையும் உன் சந்ததிக்குத் தருவேன் என்று இறைவனிடமே வாக்குப் பெற்றிருந்தும் கூடாரங்களில் வாழ்ந்த ஆபிரகாம், தம் மனைவி சாராள் இறந்தபோது, அடக்கம் செய்வதற்காக மக்பேலா என்னும் குகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் கேட்கிறார். நிலத்துக்குரியவர் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லுகிறார். ஆபிரகாம் ஒப்பாமல், ஊர் வாசலில், ஊரார் கேட்க, 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, நிலம், குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் என்று ஒவ்வொன்றும் சொல்லி உறுதி செய்துகொள்கிறார். நம் கிரயப் பத்திரங்களில் வரும் சொத்து விவரத்தைப் படிப்பது போலவே இருக்கிறது. தெய்வத்தின் வாக்குக்கு ஆயுள் முழுவதும் காத்திருந்த அம்மனிதர், மனிதரோடு செய்துகொண்ட ஏற்பாட்டை ஒருநாளும் தெய்வத்தின் தலையில் விட்டுவிடவில்லை.

இனி மூன்றாவது தாபம். மழை விட்டுவிடும், மனுவுக்கும் ஒருநாள் விசாரணை வந்து தீர்ப்பு ஆகும், உள்ளத்திலே எரிவதற்கு மட்டும் வெளியிலிருந்து பரிகாரம் வராது. காத்திருக்கிற காலத்தை வாழாத காலம் என்று கணக்கெழுதிவிடுவது மனத்தின் சுபாவமாக இருக்கிறது. புத்தகங்கள் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கட்டும், குழந்தையின் பாட்டு வகுப்பு அங்கே போய்த் தொடங்கட்டும், உறவினரைப் புது வீட்டுக்குப் போன பின் அழைக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒத்திப்போட்டு, இருக்கிற வீட்டிலும் இராமல், வராத வீட்டிலும் இராமல், ஓர் அந்தரத்தில் நின்றுவிடுகிறோம்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பூசலார் நாயனாரின் சரித்திரம் வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் இரயில் பாதையில் உள்ள திருநின்றவூரில் பிறந்த அவ்வேதியர், சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பினார், வருந்திப் பொருள் தேடினார், எங்கும் அகப்படவில்லை. கிடைக்காமற்போன பின்பே அவர் மனத்தினால் கட்டத் தொடங்கினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. காஞ்சியில் கற்றளி எடுத்து முடித்த பல்லவ மன்னன் பிரதிஷ்டைக்குக் குறித்த நாளும், பூசலார் தம் மனக்கோயிலுக்குக் குறித்த நாளும் ஒன்றாகவே அமைய, இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர் அன்பனின் ஆலயத்தில் நாளை நாம் புகவிருப்பதால் நீ உன் காரியத்தைப் பின்னொரு நாளுக்குத் தள்ளி வை என்று பணித்ததையும், அரசன் அவ்வூருக்கு வந்து, கோயிலைக் காணாமல், பூசலாரைக் கண்டு வணங்கியதையும் பலரும் அறிவர். காஞ்சிக் கயிலாசநாதர் ஆலயத்தையும் அதை எடுப்பித்த இராசசிம்மனையும் இக்கதையோடு சேர்த்துக் கூறுவது வழக்கம்.

இக்கதையில் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பது வேறோர் அம்சம். மனத்தால் கட்டுகிறவருக்குக் கல் வண்டி வந்து சேர வேண்டியதில்லை, சுண்ணாம்பு உலர வேண்டியதில்லை, தச்சருக்குக் கூலி பாக்கி இல்லை. கண் மூடித் திறக்கும் முன் விமானத்தில் கலசம் வைத்திருக்கலாம். பூசலார் அவ்விதம் செய்யவில்லை. நினைவினாலேயே பொருளும் சாதனங்களும் தேடி, தச்சரைத் தேர்ந்து, நல்ல நாள் பார்த்து அடிநிலை பாரித்து, இரவிலும் கண் உறங்காது, வரிசை வரிசையாக உயர்த்தி, சிகரம் கண்டு, சுதை வேலை முடித்து, கிணறும் மதிலும் குளமும் அமைத்து, நெடுநாள் எடுத்துக்கொண்டு கட்டினார். வெளியே யாரும் தடுக்காதபோதும் அவர் காலத்தைக் குறுக்க விரும்பவில்லை. அந்தக் காலமே அவருடைய அர்ச்சனையாக இருந்தது. காணாத சமையல் மேடையைக் கையால் அளக்கும் அந்த அம்மையாரும் மனத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆயினும் பூசலார் கட்டியது இன்னொருவர் எழுந்தருள்வதற்கு, நாம் கட்டுவது நாம் குடிபுகுவதற்கு. நம் கோயில் முடியும் வரையில் நம்மிடம் ஒன்றும் இல்லை என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் இந்த வேற்றுமையே என்று கருதுகிறேன்.

வள்ளுவர் இல்வாழ்க்கையை ஓர் அதிகாரம் முழுதும் வைத்துப் பேசுகிறார். பிதிரர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்ற ஐவரிடத்தும் இல்லறத்தான் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறார். ஆதரவற்றவர்க்கும் துறந்தவர்க்கும் அவனே துணை என்கிறார். அவன் இருக்கும் கூரை அவன் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும் என்று அந்தப் பத்துக் குறளில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. கிருகஸ்த தர்மத்தில் எந்த ஒன்றும் சாவிக்காகக் காத்திருக்க வேண்டியதாக நான் காணவில்லை.

நான் சொன்ன குடும்பத்தில் பெரியவருக்குச் சதாபிஷேகம் வருகிறது. புது வீட்டிலேதான் அதை நடத்த வேண்டும் என்று மகன் வெகுநாள் பிடிவாதமாக இருந்தார். தந்தையின் வயதோ பில்டரின் தேதியைக் கேட்டு நிற்பதாக இல்லை. வட்டி கோரும் மனு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகி, விசாரணைக்கு வர வேண்டியிருக்கிறது. மொட்டை மாடியை அன்றைக்கு முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பந்தல்காரருக்கும் சமையற்காரருக்கும் சொல்லியாயிற்று. ஒத்திப்போட்டிருந்த உறவினர் எல்லோருக்கும் பத்திரிகை போகிறது.