அளந்தவர் யார்?

சீடன்: ஐயா, எட்டாம் வகுப்புக்கு டொர்னாடோ என்ற சுழற்காற்று பற்றி ஒரு கட்டுரைப் பாடம் எடுக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் பக்கம். டொர்னாடோவைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டு, கேள்வி பதிலை முடித்துவிட்டால் போதுமா?

குரு: அந்தப் பாடத்தில் உன் மனதில் நின்ற வரி எது?

சீடன்: 'காற்று மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது' என்ற வரி.

குரு: அதை யார் அளந்தார்கள்?

சீடன்: கருவி வைத்துத்தான் அளந்திருப்பார்கள்.

குரு: பெரும்பாலும் இல்லை, தம்பி. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் நகரும். டொர்னாடோ அநேகமாகச் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். பல டொர்னாடோக்களுக்குச் சில நிமிடங்கள்தான் ஆயுள். அது போகும் வழியில் காற்றுமானி இருப்பதே அபூர்வம், இருந்தால் அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். காற்று அடங்கிய பிறகு ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். கூரை மட்டும் போனதா, சுவரும் விழுந்ததா, மரம் பட்டை உரிந்து நிற்கிறதா என்று பார்த்து, இவ்வளவு சேதத்துக்கு இவ்வளவு வேகம் தேவை என்று கணிக்கிறார்கள். சிகாகோவில் இருந்த ஃபுஜிதா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1971இல் வகுத்த அளவுகோல் அது. 2007 முதல் அமெரிக்காவில் அதன் திருத்திய வடிவம் புழக்கத்தில் இருக்கிறது.

சீடன்: அப்படியானால் அந்த வரி பொய்யா?

குரு: பொய் என்று யார் சொன்னது? அது கணிப்பு. ஃபுஜிதா இளைஞராக இருந்தபோது, 1945இல், குண்டு விழுந்த நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய்ச் சேதத்தை ஆராய்ந்தவர். வெடிப்புக்குக் கீழே இருந்த இடத்திலிருந்து மரங்கள் நாலாபக்கமும் வெளிநோக்கிச் சாய்ந்திருந்ததைப் பார்த்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, அமெரிக்காவில் புயல் மழை அடித்த ஒரு காட்டை விமானத்திலிருந்து பார்க்கும்போது அதே சாயல். சுழற்காற்று இப்படிச் சாய்க்காது, மேகத்திலிருந்து காற்று நேராகக் கீழே இறங்கி மோதியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். பலர் ஏற்கவில்லை. விமான விபத்துகளை ஆராய்ந்தபோது அவர் சொன்னது உறுதியானது. விழுந்த மரத்தைப் படித்தே காற்றைச் சொன்ன மனிதர் அவர். அந்த உழைப்பைக் காட்டாமல் 320 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால், பிள்ளைகளுக்கு எண் கிடைக்கும், அறிவு கிடைக்காது.

சீடன்: தொலைவில் நடந்தது அவர்களுக்கு எட்டுமா, ஐயா?

குரு: எட்டாவிட்டால் நம் ஊருக்கு வா. 2015 சென்னை வெள்ளத்தில் தாம்பரத்தில் எவ்வளவு மழை?

சீடன்: 49 சென்டிமீட்டர். ஆனால் டிசம்பர் 1 என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது, டிசம்பர் 2 என்று இன்னோரிடத்தில். எது சரி?

குரு: இரண்டும் சரி. வானிலைத் துறை காலை 8.30க்கு மழைமானியைப் பார்த்து, முந்தைய 24 மணி நேரக் கணக்கை எழுதும். கொட்டியது பெரும்பாலும் 1ஆம் தேதி, ஏட்டில் ஏறியது 2ஆம் தேதி. இது தெரியாதவர் இரண்டில் ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிடுவார். அதே 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர்தான் பதிவானது. 'சென்னையில் இவ்வளவு மழை' என்று ஒரு கட்டுரை சொன்னால், எந்த மழைமானி என்று கேள். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய வாய் அந்தக் கருவிக்கு. அதில் விழுந்ததை வைத்துத்தான் ஊருக்கே கணக்குச் சொல்கிறோம்.

சீடன்: 49 சென்டிமீட்டர் என்றால் பிள்ளைகளுக்கு என்ன புரியும்?

குரு: கணக்குப் போடச் சொல். ஒரு சதுர மீட்டரில் 490 லிட்டர். அரை கிரவுண்டு மனை ஏறக்குறைய 111 சதுர மீட்டர். அந்த மனையில் மட்டும் ஒரே நாளில் 54,000 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நாலரை வந்து கொட்டியதற்குச் சமம். கோடையில் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

சீடன்: செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் முடிச்சூர் மூழ்கியது என்று படித்தேன். அதுவும் இப்படி அளந்து சொன்னதுதானா?

குரு: அது அளவு அல்ல, காரணம். காரணம் சொல்லும் வரியில்தான் நீ அதிகம் நிற்க வேண்டும். வரைபடத்தை எடு. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாற்றின் மேல்பகுதியில் இருக்கின்றன. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அந்த வழியாக இறங்குகிறது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அதற்கும் கீழே, திருநீர்மலை அருகில்தான் ஆற்றில் சேர்கிறது. கீழே சேரும் தண்ணீர் மேலே இருக்கும் ஊரை எப்படி மூழ்கடிக்கும்? செம்பரம்பாக்கத்தை இயக்கிய விதம் பற்றி மத்திய தணிக்கை அறிக்கை கடுமையாகவே எழுதியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைக்காரர்கள் அதைப் பேச வேண்டும். முடிச்சூர்க்காரர் பேச வேண்டியது தன் மேற்கே உள்ள ஏரிகளையும், மறிக்கப்பட்ட கால்வாய்களையும். தவறான காரணத்தைப் படித்த ஊர், தவறான வாசலில் போய்த்தான் மனுக் கொடுக்கும்.

சீடன்: ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. வரிக்கு வரி இப்படிக் குடைந்தால் பிள்ளை எதையுமே நம்பாத பிள்ளையாகிவிடாதா? எல்லாம் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் இப்போதே ஏராளம்.

குரு: சரியான கேள்வி. 2015 வெள்ளத்தில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவியது நினைவிருக்கிறதா?

சீடன்: இருக்கிறது. பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள். வதந்தி.

குரு: 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையில் ராத்திரி முதலை ஒன்று குறுக்கே போகும் வீடியோ வந்தது. அதையும் வதந்தி என்று ஒதுக்கினவர்கள் உண்டு. ஆனால் அது உண்மை. சென்னையின் நீர்நிலைகளில் முதலைகள் வாழ்கின்றன என்று வனத்துறைச் செயலரே சொன்னார். எல்லாவற்றையும் நம்புகிறவன் 2015இல் ஏமாந்தான். எதையும் நம்பாதவன் 2023இல் அந்தச் சாலையில் இறங்கி நடந்திருப்பான். எந்தச் சாலை, எந்த நாள், எடுத்தது யார், அங்கே ஏரி இருக்கிறதா, பொறுப்பில் இருப்பவர் என்ன சொன்னார் என்று கேட்டவனுக்குத்தான் இரண்டு முறையும் வழி தெரிந்தது. கேட்டுப் படிக்கிறவன் நம்ப வேண்டியதை மற்றவர்களைவிட உறுதியாக நம்புவான்.

சீடன்: அப்படியானால் வகுப்பில் எங்கே தொடங்குவது?

குரு: பாடத்தை வாசிக்கச் சொல். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது அளந்ததா, கணித்ததா, காரணம் சொல்கிறதா என்று பென்சிலால் குறிக்கச் சொல். குழப்பம் வரும், சண்டை வரும், வரட்டும். அப்புறம் முடிச்சூர், வரதராஜபுரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடு. 2015இல் வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களைக் காட்டச் சொல்லி, டேப் வைத்து அளந்து ஒரு பக்கம் எழுதி வரட்டும். சுவரில் கறை தெரிந்தால் 'கறையை அளந்தேன்' என்று எழுதட்டும். பாட்டி கையை வைத்துக் காட்டினால் 'பாட்டி நினைவிலிருந்து காட்டியது' என்று எழுதட்டும். இரண்டையும் கலக்கவிடாதே.