எர்த் கம்பியை வெட்டாதீர்கள்

புது எலக்ட்ரிக் அவனைப் போட்டதும் மெயின் சுவிட்ச் விழுகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறீர்கள். அவர் வந்து பத்து நிமிடத்தில் வேலையை முடித்து, “இனிமே விழாது” என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போகிறார். சொன்னபடியே விழவும் இல்லை. உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால், அவர் என்ன செய்தார் என்று இன்றைக்கே கேளுங்கள். மெயினை அணைத்துவிட்டு பிளக் டாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே பச்சைக் கம்பி வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றிக் கிடந்தால் அந்த அவனை இனி யாரும் தொடக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். சரிசெய்த பிறகுதான் அதில் அடுத்த கேக்.

பெங்களூர் ஒக்கலிபுரத்துக்காரர்களுக்கு இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில் பாதையை ஒட்டிய சந்துகளிலும் பக்கத்து ஸ்ரீராமபுரத்திலும் தரைவீட்டின் மேல் ஒரு மாடி, அதன்மேல் இன்னொன்று என்று எழுப்பிய வீடுகள் நிறைய. அடியில் போட்ட வயரிங் பல்பும் ஃபேனும் மிக்ஸியும் ஓடுவதற்காகப் போட்டது. மேலே கட்டியபோது அதிலிருந்தே கம்பி இழுத்துக்கொண்டார்கள். இப்போது அதே வீட்டில் மாடுலர் கிச்சன் வருகிறது, அலமாரிக்குள் பதிக்கிற பில்ட்-இன் அவன் வருகிறது. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிற பெண்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஆர்டர் குவியும். அந்தச் சம்பாத்தியத்தைக் கண்டு எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அவன் 3,000 வாட் வரை இழுக்கிற பொருள், சில மாடல்கள் அதற்கும் மேல். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். தாத்தா காலத்து வயரிங்கின் தலையில் அதை ஏற்றினால் அது தாங்காது.

சுவிட்ச் ஏன் விழுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

வீட்டுப் பெட்டியில் இரண்டு வகைக் காவல் உண்டு. எம்.சி.பி. கம்பியைக் காப்பது. அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் கம்பி சூடாகி எரியும், அதற்கு முன் அது விழுந்துவிடும். ஆளைக் காப்பது அதன் வேலை இல்லை. ஈரக் கையோடு இருப்பவரின் உடம்புக்கு ஏறக்குறைய 1,000 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியாக ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்த அது தாராளமாகப் போதும். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் 30 மில்லியாம்பியர் காணாமல் போனால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும்.

அவன் உள்ளே சூடாகிற கம்பிச் சுருள் ஒரு உலோகக் குழாய்க்குள் இருக்கிறது. சுருளுக்கும் குழாய்க்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழையில் சில வாரம் பயன்படாமல் கிடந்த அவனைத் திடீரென்று போட்டால், ஈரமேறிய தூள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் உலோக உடம்புக்குக் கசியும். எர்த் கம்பி அதை மண்ணுக்குக் கொண்டுபோகும். கசிவு அளவை மீறினால் ஆர்.சி.சி.பி. விழும். சுருள் பழுதானாலும் இதேதான் நடக்கும். இரண்டில் எது என்பதை இன்சுலேஷன் அளக்கும் கருவி வைத்திருக்கிற கம்பெனி மெக்கானிக்தான் சொல்ல முடியும். காயவைக்க வேண்டியதா, சுருளையே மாற்ற வேண்டியதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

பச்சைக் கம்பியை வெட்டினால் என்ன ஆகும்? கசிகிற கரண்டுக்குப் போக வழி இல்லை. அதனால் சுவிட்ச் விழாது. அவனின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். அடுத்து யார் கை வைக்கிறாரோ, அவர் வழியாக அது தரைக்கு இறங்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த நொடியில் அது விழக்கூடும். ஆனாலும் கசிவை முதலில் கண்டுபிடிப்பது ஒரு ஆளின் உடம்பாகிவிட்டது. ஆர்.சி.சி.பி.யே இல்லாத வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

இதைவிட மோசமான வேலை ஒன்று உண்டு, அது கண்ணில் படாது. வீட்டில் எர்த்தே வராதபோது, பிளக் பாக்ஸுக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எர்த் முனைக்கு லூப் கொடுத்துவிடுவது. டெஸ்டர் வைத்துப் பார்த்தாலும் சரி, மீட்டர் வைத்துப் பார்த்தாலும் சரி, எர்த் இருப்பது போலவே காட்டும். கசிகிற கரண்ட் அந்த லூப் வழியாக நியூட்ரலுக்கே திரும்புவதால் ஆர்.சி.சி.பி.க்குக் கணக்கு சரியாக இருக்கும், அது சும்மா இருந்துவிடும். என்றைக்காவது மேலே நியூட்ரல் கம்பி அறுந்தாலோ, யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் பொருத்தினாலோ, 230 வோல்ட் முழுதாக அவனின் கைப்பிடியில் வந்து உட்காரும். மெயினை அணைத்து, பாக்ஸைத் திறந்து, கண்ணால் பார்ப்பதைத் தவிர இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லை. திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பச்சைக் கம்பி சுவருக்குள்ளிருந்து தனியாக வருகிறதா, அது எர்த் குழி வரை போகிறதா என்று கேளுங்கள்.

“ஏனூ ஆகல்லா சார்” என்பார்கள். ஒன்றும் ஆகாது என்று சொல்பவருக்கு ஒன்றும் ஆகாதுதான். கம்பியை வெட்டியவர் போய்விட்டார். ஐநூறு ரூபாய் மிச்சம் பிடித்த நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு உலர்ந்த கையோடு அவனைத் திறக்கிறீர்கள். ஈரத் துணியால் அதைத் துடைப்பவர், தரையைத் தண்ணீர் விட்டு மெழுகிக்கொண்டே வெறுங்காலோடு அதன் கதவில் கை ஊன்றி எழுந்திருப்பவர், உங்கள் வீட்டில் வேலை செய்ய வருகிற அம்மா. இன்னொருவர், உள்ளே கேக் எழும்புவதைப் பார்க்கக் கண்ணாடியில் இரண்டு கையும் வைத்து நிற்கிற குழந்தை. மிச்சம் பிடித்தவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர். இந்த அநியாயத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்று விவாதிக்கலாம். அடுத்தவர் உயிரை, அவருக்குத் தெரியாமல் பணயம் வைப்பதில் விவாதிக்க ஒன்றுமில்லை. எலக்ட்ரீஷியன் தம்பிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எர்த் இல்லாத வீட்டில் அவன் இணைப்பு கொடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். ஒரு கூலி போகும், போகட்டும்.

சிவனசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரிலிருந்து எடுத்த கரண்ட் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போனது 1902-இல். 1905 ஆகஸ்டில் பெங்களூரின் தெருவிளக்குகள் அதில் எரிந்தன. தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். நூற்றிருபது வருடமாகக் கரண்டோடு வாழ்கிற ஊரில், ஒரு எர்த் கம்பியை இன்னும் வேண்டாத செலவாக நினைப்பது நமக்கு அழகில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? அவன் வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கர்நாடக மின் ஆய்வுத் துறையின் உரிமம் உள்ளவராக இருக்கட்டும். மெயின் பெட்டியிலிருந்து அவனுக்கென்றே தனி லைன். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, கூடவே அதற்கான பச்சைக் கம்பி, தனியாக ஒரு 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த லைனில் ஃப்ரிட்ஜையோ கிரைண்டரையோ சேர்க்காதீர்கள். நாம் இன்னும் 15 ஆம்ப் என்றே சொல்கிற பவர் பிளக், 13 ஆம்பியரை மணிக்கணக்கில் தாங்க வேண்டுமென்றால் நல்ல தரத்தில் இருக்க வேண்டும். அதைவிட, பக்கத்து அலமாரியில் கைக்கு எட்டுகிற இடத்தில், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கிற ஒரு டி.பி. சுவிட்ச் வைத்து நேராக இணைப்பது மேல். அவனின் முதுகுக்கு நேர் பின்னால் பிளக் வைத்தால், ஆபத்து நேரத்தில் 30 கிலோ எடையை இழுத்துவிட்டுத்தான் அதை அணைக்க முடியும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

கம்பி நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் த்ரீ ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். அவனோடு வருகிற கேபிளில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ‘நீலத்துக்கு நீலம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்தில் ஃபேஸ் வந்துவிடும். இணைப்பு முடிந்ததும் பின்பக்கத்து டெர்மினலில் மூன்று ஸ்க்ரூவையும் ஒரு முறை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பேறும், சமையலறையில் கருவாடு சுடுவது போல ஒரு நாற்றம் கிளம்பும். அந்த நாற்றம் வந்தால் அடுப்பில் என்ன இருக்கிறது என்று தேடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

தச்சரிடமும் பேச வேண்டும். அலமாரி அளவைக் கச்சிதமாக எடுத்து, பின்பலகை அடித்து, இடைவெளியை சிலிக்கானால் மூடிவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும், சூடு போக வழி இருக்காது. அவனோடு வருகிற தாளில் பின்னாலும் கீழேயும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று படம் போட்டிருக்கும். அதைத் தச்சர் கையில் கொடுத்துவிடுங்கள். பக்கவாட்டு ஸ்க்ரூக்களால் அவனை அலமாரியோடு பிணைக்கவும் மறக்கக் கூடாது. இல்லையென்றால், திறந்த கதவில் கனமான டிரே இருக்கும்போது மொத்தமும் முன்னால் சாயும். கேஸ் சிலிண்டரை அதே அலமாரியில் வைக்காதீர்கள். கசிகிற எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கீழேயே தேங்கும், ஒரு சுவிட்சின் பொறி போதும். மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மறைவாகப் பிடிக்கிற தீ வெளியே தெரிவதற்குள் புகை வீட்டை நிறைத்துவிடும். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸில் 9 பேர் இறந்தார்களே, அங்கே மின்கம்பிகள் போகிற டக்ட்டில் தொடங்கியது மாடிகளைப் புகையால் நிரப்பியது, வெளியேற வழி அடைபட்டிருந்தது. ஒரே வாசல் உள்ள நம் மாடிவீடுகளில் படிக்கட்டில் அடுக்கியிருக்கிற பழைய சாமான்களை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

புழங்கும்போது கவனிக்க வேண்டியவை எல்லாம் கம்பெனித் தாளிலேயே இருக்கின்றன, ஆனால் யாரும் படிப்பதில்லை. முதல் தடவை ஜன்னலைத் திறந்துவைத்து வெறும் அவனைச் சூடாக்கி, தொழிற்சாலை எண்ணெய் புகைந்து போகவிட வேண்டும். அடித்தட்டில் அலுமினியத் தாள் விரிக்கக் கூடாது. சமையல் முடிந்தபிறகும் ஃபேன் ஓடினால் அது தானாக நிற்கும்வரை மெயினை அணைக்கக் கூடாது, அலமாரியைக் குளிர்விக்கத்தான் அது ஓடுகிறது. உள்ளே தீ பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கரண்டை அணைத்துவிட்டு மூடியே வைத்திருங்கள், காற்றில்லாமல் அணையும். அணையவில்லை என்றால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-க்கு அழையுங்கள். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது செத்துப்போன காவல், மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஓனர்களுக்கும் லீஸுக்கு இருப்பவர்களுக்கும். ‘வீடு உன்னுடையது, நீயே வயரிங் மாற்று’ என்று ஒருவரும், ‘அவன் உன்னுடையது, நீயே செலவு செய்’ என்று மற்றவரும் சொல்லி, நடுவில் எர்த் இல்லாமலே வருடங்கள் ஓடுகின்றன. எர்த் குழியும், ஒவ்வொரு மாடிக்கும் அதிலிருந்து போகிற கம்பியும், ஆர்.சி.சி.பி.யும் வீட்டோடு சேர்ந்தவை. அவை ஓனரின் கடமை. லட்சக்கணக்கில் லீஸ் பணம் வாங்கிக்கொண்டு அதைச் செய்யாமல் இருப்பது தவறு. அவனுக்குரிய தனி லைன் குடியிருப்பவரின் செலவு. பெஸ்காம் கரண்ட் பில்லில் அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று அச்சிட்டிருக்கும். 2 அல்லது 3 கிலோவாட் என்றிருந்தால், அவன் ஒன்றே அதைத் தின்றுவிடும். இருவரும் சேர்ந்து கூடுதல் லோடுக்கு விண்ணப்பியுங்கள். கிருஹ ஜோதி இலவச மின்சாரத்தின் 200 யூனிட் தாண்டிவிடுமோ என்று பயந்து பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து கம்பி இழுக்கிற யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவனை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒன்று அல்லது ஒன்றரை யூனிட்தான் ஆகும். அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இருப்பதாக ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துக்கு முன் இருவரும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதுவரை, பேக்கிங் ஆர்டர் எத்தனை வந்திருந்தாலும், அவனின் மெயினை அணைத்தே வைத்திருங்கள்.