இறங்கும் உரிமை

ஏரியல் சில்க் வகுப்புக்குப் போகிறேன் என்றதும், நாற்பதைத் தாண்டிய என் தோழிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அதுக்குக் கையில பலம் வேணுமே, நமக்கு எங்க இருக்கு?" உடம்பைத் தேற்றிக்கொண்டு பிறகு சேரலாம் என்று நினைப்பவர்கள் கடைசிவரை சேர்வதே இல்லை. துணியைப் பிடித்துத் தொங்குகிற பலம், துணியைப் பிடித்துத் தொங்கித்தான் வரும். ஆகவே சேர்வதென்றால் இன்றே சேருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. அந்தக் கூடத்தில் ஏறுவதற்கு முன்னால் இறங்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

உத்தரத்தில் பூட்டிய கொக்கியில், நடுவாக மடித்துத் தொங்கவிட்ட நீளமான நைலான் துணி அது. இரண்டு பட்டையாகத் தரைவரை வந்து கிடக்கும். கொக்கிக்கும் துணிக்கும் நடுவே சுழலும் வளையம் ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால் உடம்பு சுற்றும்போது துணியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். கீழே கனத்த மெத்தை. முதல் பாடம் கால் பூட்டு. துணியைக் காலின் வெளிப்புறமாக ஓடவிட்டு, கணுக்காலை ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற காலால் துணியின் கீழ்ப்பகுதியைத் தூக்கிப் புறங்காலின் மேல் போட வேண்டும். பிறகு அந்தக் காலில் எழுந்து நின்றால் போதும், உடம்பின் எடையே துணியை இறுக்கிவிடும். முடிச்சு எதுவும் கிடையாது. முதன்முதலில் அப்படி நின்றபோது பாதத்தை யாரோ கையால் நசுக்குகிற மாதிரி வலித்தது. இறங்கிப் பார்த்தால் புறங்காலில் குறுக்கே சிவப்பாக ஒரு பட்டை. ஆனாலும் என் முழு எடையையும் அந்தத் துணி தாங்கியது, கால் நழுவவில்லை.

பூட்டைக் கழற்றுவதில்தான் விஷயமே இருக்கிறது. எடை இறுக்கிய பூட்டு எடை விலகினால்தான் தளரும். கைகளால் உடம்பைத் தாங்கி, ஒரு நொடி காலை லேசாக்கி, மற்ற காலால் துணியைத் தள்ளிவிட வேண்டும். கையில் இருந்த பலத்தையெல்லாம் ஏறுவதிலேயே செலவழித்துவிட்டால், பூட்டிய காலோடு மேலேயே மாட்டிக்கொள்வோம். பதறிப்போய்ச் சறுக்கினால் துணி தோலைச் சுட்டுவிடும். முழங்காலின் பின்புறத்தை மூடுகிற கால்சட்டை போட்டுவரச் சொல்வது அதற்காகத்தான். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நின்றபடி, வலது கால் இடது கால் இரண்டிலும் பூட்டவும் கழற்றவும் கை வரும்வரை மேலே விடமாட்டார்கள். "ஏறும்போதே இறங்கறதுக்கு மிச்சம் வைங்க அக்கா" என்பார் கோச்.

கோச் என்னைவிட மிகவும் இளையவர். விழுப்புரத்தில் மல்லர் கம்பம் பழகியவர். மகாராஷ்டிரத்தில் மல்லர்களின் பயிற்சியாக வளர்ந்த அந்த விளையாட்டுக்குத் தமிழ்நாட்டில் பேர் வாங்கித் தந்த ஊர் விழுப்புரம்தான். எண்ணெய் பூசிய மரக் கம்பத்தில் செய்வது ஒரு வகை, தொங்கும் பருத்திக் கயிற்றில் செய்வது இன்னொரு வகை. இவர் கயிற்றில் பழகியவர். ஒரு நாள் கேட்டுக்கொண்டதற்காகக் காட்டினார். கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றைக் கவ்வி, இடுப்பை மடக்கி, மூச்சுவிடும் நேரத்துக்குள் உச்சியில் இருந்தார். அந்த விரலிடுக்கில் தோல் தடித்து மஞ்சளாகக் காய்த்துப் போயிருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த காய்ப்பு. அதைப் பார்த்த பிறகுதான், நான் கற்றுக்கொள்ள வந்திருப்பது இன்னொருவர் உடம்பில் எத்தனை வருஷம் தங்கியிருந்து வந்தது என்பது உறைத்தது.

இந்த இடத்தில் என் அத்தை சொன்னதையும் எழுத வேண்டும். "கழைக்கூத்தாடி வேலைக்கு நீ காசு குடுத்துப் போறியா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்கு அது கேலியாகப் படவில்லை, பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவே பட்டது.

கழைக்கூத்தைத் தெருவில் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பேருந்து நிலையத்துக்கு வெளியே மூங்கில்களைக் குறுக்காக நட்டு, நடுவே கயிறு கட்டியிருப்பார்கள். தலையில் சொம்பு, கையில் நீளக் கழி, கயிற்றின் மேல் ஒரு சிறுமி. அப்பா கீழே மேளம் அடிப்பார். அம்மா தட்டோடு கூட்டத்தைச் சுற்றி வருவார். அந்தப் பெண் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இறங்கிவிடுவாள் என்று நினைப்பேன். மேளம் வேகமெடுக்கும், அவள் திரும்பி நடப்பாள். இம்முறை காலடியில் ஒரு தட்டு, அடுத்த முறை ஒரு சைக்கிள் ரிம். தட்டில் விழும் காசு போதும்வரை மேளம் நிற்காது, மேளம் நிற்கும்வரை அவள் இறங்க முடியாது. சங்க காலத்துக் குறுந்தொகையிலேயே கயிற்றின் மேல் ஆடுகிற ஆரியரின் பறையொலி உவமையாக வருகிறது. அத்தனை காலமாக அந்த மேளம் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

சர்க்கஸ் கூடாரத்துக்குள்ளும் கதை இதேதான். விஷ்ணுபந்த் சத்ரே 1880-இல் தொடங்கிய கிரேட் இந்தியன் சர்க்கஸைப் பார்த்து ஆர்வம் கொண்ட கீலேரி குஞ்ஞிக்கண்ணன், 1901-இல் தலச்சேரிக்குப் பக்கத்தில் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி திறந்தார். அந்த மண்ணிலிருந்து கிளம்பிய கலைஞர்கள் இந்தியா முழுக்கக் கூடாரம் அடித்தார்கள். கயிற்றில் துள்ளி ஆடிய கண்ணன் பொம்பாயோ மேலைநாட்டு அரங்குகளிலும் கைதட்டல் வாங்கினார். அது பெருமைக்குரிய வரலாறு. அதைச் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. அதே கூடாரங்களில் பிற்காலத்தில் நேபாளத்திலிருந்தும் வறுமைப்பட்ட கிராமங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள், பல வருஷ ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, பெற்றோரைப் பார்க்கவும் வழியில்லாமல் இருந்தார்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யும்படி 2011 ஏப்ரலில் தீர்ப்பானது. இங்கிலாந்தில் இதே விவகாரம் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியே எழுந்தது. 1877-இல் லண்டனில் ஸாஸெல் என்ற பதின்ம வயதுப் பெண்ணைப் பீரங்கிக்குள் வைத்து வலைக்கு எறிந்து காட்டினார்கள். ஊர் திரண்டு பார்த்தது, கூடவே எதிர்ப்பும் கிளம்பியது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஆபத்தான காட்சிகளில் இறக்கக் கூடாது என்று 1879-இல் அங்கே சட்டம் வந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு தொடக்கமும் இந்தக் கலைக்கு உண்டு. பறக்கும் டிரபீஸை முதன்முதலில் மேடையேற்றிய ஜூல் லியோதார் பட்டினியால் அங்கே போனவர் அல்ல. பிரான்ஸின் துலூஸ் நகரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தியவரின் மகன். அப்பாவின் நீச்சல் குளத்துக்கு மேலே கம்பைக் கட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பழகினார். கை நழுவினால் தண்ணீர், ஏறி வந்து மறுபடியும் தாவலாம். 1859 நவம்பர் 12 அன்று பாரிஸில் ஆடியபோது கீழே மெத்தை விரித்திருந்தார்கள். விழலாம், வேண்டாமென்றால் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் இருந்த ஓர் இளைஞனின் ஆசையிலிருந்து பிறந்த வித்தை அது.

அத்தைக்கு நான் கண்டுபிடித்த பதில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கழைக்கூத்துச் சிறுமி செய்ததில் ஒரு துளிகூட எனக்கு வராது. என் வயதுக்கு இனி வரப்போவதும் இல்லை. அவளிடம் இல்லாத ஒன்றே ஒன்று என்னிடம் இருக்கிறது. போதும் என்று சொன்னால் என்னை இறக்குவார்கள். நான் கட்டுகிற காசில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது என்று நம்புகிறேன். அதைக் கூச்சப்பட்டு மறைப்பதைவிட, அதன் மதிப்பை உணர்ந்து நடப்பதுதான் அந்தச் சிறுமிக்கு நான் செய்யக்கூடிய மரியாதை. இவ்வளவு கிடைத்தும், நம்மில் பலர் வகுப்புக்குள் நுழைந்ததும் நமக்கு நாமே மேளம் அடித்துக்கொள்கிறோம். பக்கத்துப் பெண் ஏறிவிட்டாள், நாமும் ஏற வேண்டும். வீடியோ எடுக்கிறார்கள், இப்போது இறங்கக் கூடாது. அலுவலகத்திலும் குடும்பத்திலும் நடுவில் விட்டுவிட்டு வருவதைத் தோல்வி என்றே கேட்டுக் கேட்டு வளர்ந்த உடம்பு, துணியிலும் அப்படியே பல்லைக் கடிக்கிறது.

அந்தக் கூடத்தில் நான் கண்ட மிக நல்ல காட்சி ஏறியவர்களுடையது அல்ல. எங்களோடு ஒரு வங்கி ஊழியர் படிக்கிறார், பிள்ளைகள் கல்லூரி முடித்தவர். துணியில் ஆள் உயரம் போனதும் நின்றார். முன்னங்கை விறைத்துப்போனது கீழிருந்தே தெரிந்தது. "கோச், நான் இறங்கறேன்" என்றார், சாதாரணக் குரலில். கோச் கிட்டே போய் நின்று, "சரிக்கா. முதல்ல தோளைக் காதுலேருந்து கீழ இறக்குங்க. இப்போ காலை லேசாக்குங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பூட்டு கழன்றது, கைமாற்றிக் கைமாற்றி வந்து மெத்தையில் நின்றார். யாரும் கை தட்டவில்லை, யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. கோச் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஏறியவரை எப்படி நடத்துவாரோ அப்படியே இறங்கியவரையும் நடத்தினார். ஓரிரு மாதத்தில் அந்த வங்கிக்காரர் எங்கள் எல்லோரையும்விட நிதானமாக ஏறினார். தசையைவிடத் தசைநார் மெதுவாகத்தான் பலப்படும். கை வந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் தோளும் முழங்கையும் பின்தங்கியே இருக்கும். நிறுத்தத் தெரிந்தவர் தோளைக் காயப்படுத்திக்கொள்வதில்லை, அதனால் வகுப்பும் விட்டுப்போவதில்லை.

ஆகவே சேர நினைப்பவர்களுக்கு: பணம் கட்டும் முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கொக்கியையும் துணியையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு, "நடுவுல முடியலைன்னா என்ன பண்றது?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பயப்படாதீங்க, செஞ்சிடுவீங்க" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள். மெத்தையின் மேல் நின்று, எப்படி இறக்குவேன் என்று அப்போதே செய்து காட்டுகிறவரிடம் சேருங்கள். மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். முதல் வாரங்களில் உள்ளங்கை எரியும், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும். வகுப்புக்குக் கிளம்பும்முன் மட்டும் தடவாதீர்கள், பிடி வழுக்கும்.