பசியின் வலையும் பொழுதின் தூண்டிலும்

பிரம்மதேசம்! விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலே ஓர் ஊர். வேதம் ஓதுவோர்க்கு ஊரையே எழுதிக் கொடுத்த காலத்தை நினைவூட்டும் பெயர். அந்தப் பக்கத்து ஏரிகள் கோடையிலே வற்றும்போது, வலையோடும் கூடையோடும் சேற்றில் இறங்குவர் மக்கள். விராலும் கெளுத்தியும் கெண்டையும் அன்றைய குழம்புக்கு வந்து சேரும். "உயிர்க்கொலை புரியும் கூட்டம்" என்று அவர்களைப் பார்த்து முகஞ்சுளிப்போர் உண்டு. மீன் பிடித்துப் பிழைப்போரைப் பிறப்பின் பெயரால் தாழ்த்தி வைத்த நாடு அன்றோ இது!

சேற்றில் இறங்கியவனைச் சுட்டும் அதே விரல், நீலகிரி மலைமீது மட்டும் மடங்கிக்கொள்கிறது. அங்கேயும் மீன் பிடித்தனர். ஆனால் அதற்குக் கொலை என்று பெயரில்லை, கலை என்று பெயர்! டிரவுட் என்னும் அந்த மீன் நம் நாட்டு மீனன்று. குளிர்ந்து தெளிந்தோடும் நீர் இல்லையேல் வாழாது. சீமையின் ஓடைகளை மறக்கவியலாத துரைமார் அதைக் கடல் கடந்து கொணர முனைந்தனர். 1860களில் படை மருத்துவர் பிரான்சிஸ் டே முயன்றார்; பலிக்கவில்லை. 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தார். வானவில் டிரவுட் நிலைத்தது. மீன் நிலைக்கு முன்பே, 1879இலேயே, நீலகிரியின் வேட்டைக்கும் மீனுக்கும் தனிச்சட்டம் வந்துவிட்டது! உரிமச் சீட்டு உள்ளவன் சீமான், இல்லாதவன் குற்றவாளி.

இறகையும் நூலையும் கட்டிப் பொய் ஈ ஒன்று செய்வர். அதை உண்மை என்று நம்பிக் கவ்வும் மீனைத் துள்ளவிட்டு, ஓடவிட்டு, ஓய்ந்தபின் கரை சேர்ப்பர். சிலர் மீண்டும் நீரிலே விட்டுவிடுவர். "கொல்லவில்லையே! இது கருணையன்றோ?" என்பர்.

அறிவியலைக் கேட்போம். 2003இல் லின் ஸ்னெடனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, இதே வானவில் டிரவுட்டைப் பற்றியதுதான். உதட்டிலே தேனீ நஞ்சோ அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் உடலை ஆட்டி ஆட்டித் தவித்தன. அமிலம் ஏறியவை உதட்டைக் கூழாங்கல்லிலே தேய்த்தன. மீண்டும் இரையெடுக்க அவற்றுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. மற்ற மீன்களுக்கு அதில் பாதியும் ஆகவில்லை. இது நோவா, நரம்பின் துடிப்பா என்று அறிஞரிடையே வாதம் ஓயவில்லை. ஆயினும், திரும்ப விடுவதற்கென்றே மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து சட்டத்தால் விலக்கிவிட்டது.

"வலையிலே சிக்கிய விரால் மட்டும் நோகாதோ?" என்று தோழர்கள் கேட்கலாம். நோகும், மறைக்க மாட்டோம். அங்கே அந்த நோவின் மறுபுறத்தில் ஒரு வீட்டின் உலை இருக்கிறது. ஓடையின் மறுபுறத்தில் இருப்பது ஒருவரின் ஓய்வுநாள். ஓடை மாசுபட்டால் டிரவுட் மடியும். ஆகவே தூண்டில்காரர் நீரைக் காக்கிறார் என்பதும் உண்மை, அந்தப் பெருமையை அவருக்குத் தரத் தடையில்லை. நீரைக் காக்க, மீனின் வாயிலே முள் தைத்தாக வேண்டுமா என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

பிரம்மதேசத்துக் கூடையைக் கொடுமை என்றவர், அவலாஞ்சித் தூண்டிலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்?