போர்வினையின் பங்காளிகள்

காவிரியின் கடைமடையில் திருக்கண்ணபுரத்தை அடுத்துள்ள திருச்செங்காட்டங்குடியில் தோன்றி, ஆயுர்வேதமும் வடநூற்கலைகளும் யானையேற்றமும் குதிரையேற்றமும் பயின்று, மன்னனுடைய சேனைக்குத் தலைமை பூண்டு வாதாபி நகரைத் துகளாக்கி மீண்டு, பின்னர் சிறுத்தொண்டர் எனப் பெயர்பெற்ற பரஞ்சோதியாரின் சரித்திரத்தில், பெற்ற மகனையே கறியாக்கிப் படைத்த பிள்ளைக்கறி அமுதின் பயங்கரமே நம் நெஞ்சை முழுவதும் கவர்ந்துகொள்வதால், அதற்கு முன்னர் நிகழும் ஒரு சிறு சம்பாஷணையை நாம் நின்று கேளாமலே கடந்துவிடுகிறோம். வெற்றி கண்டு வியந்த மன்னனிடம், அவர் சிவபக்தர் என்றும், ஆதலால் அவரை எதிர்ப்பார் எவரும் இலர் என்றும் அமைச்சர்கள் அறிவிக்க, அவன் மகிழ்ச்சியை மறந்து நடுங்குகிறான். இத்தகையவரைக் கொடிய போர்முனையில் விட்டிருந்தேனே என்று இரங்கி, பிழை பொறுக்குமாறு வேண்டுகிறான். அவரோ, என் உரிமைத் தொழிலைச் செய்தேன், இதில் தீங்கு என்ன என்று அமைதியாக விடையிறுக்கிறார். அதன் பின்னரும் மன்னன் மனம் ஆறாது, நிதிக்குவையும் விருத்தியும் ஈந்து, இனித் திருத்தொண்டே செய்திருக்குமாறு கூறி அவரை ஊருக்கு அனுப்புகிறான். 642-ஆம் ஆண்டில், முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில் நிகழ்ந்த படையெடுப்பே இது என்பது சரித்திர ஆசிரியர்களின் துணிபு.

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதி வைத்த இந்தச் சம்பாஷணையில் ஓர் ஆழ்ந்த தர்மவிசாரம் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். சென்று போரிட்டவர் தம் ஸ்வதர்மத்தைச் செய்ததாகக் கூறி நிம்மதி அடையலாம். கீதை அர்ஜுனனுக்கு அந்த நிம்மதியையே உபதேசித்தது. ஆனால் அவரை அனுப்பி வைத்து, அரண்மனையில் இருந்தபடியே வெற்றியின் பலனை அனுபவித்தவனுக்கு அந்தச் சமாதானம் உரியதாகுமா? ஆகாது என்று மன்னன் உணர்ந்தான். போர்வினை, வாளெடுத்தவனோடு முடிவதில்லை. அனுப்பியவனும் அதில் பங்காளி. குடியரசு நாட்டில் அனுப்புகிறவர் எவர்? வரி செலுத்தி, வாக்களித்து, இரவில் அச்சமின்றி உறங்கும் நாம் ஒவ்வொருவரும்தான். ஆகவே படைவீரனுக்கும் அவன் குடும்பத்திற்கும் நாம் செய்வதைத் தானம் என்று எண்ணுவது பெரும்பிழை, அது ருணம். வியாச பாரதத்தின் சபா பருவத்தில் தர்மபுத்திரரின் சபைக்கு எழுந்தருளும் நாரதர், ராஜ்ய பரிபாலனத்தைப் பற்றி அடுக்கடுக்காக வினவும்போது, உன் பொருட்டு உயிர்நீத்தோருடைய மனைவியரை நீ காப்பாற்றி வருகிறாயா என்றும் கேட்கிறார். கடமையைத் தட்டிக் கேட்பவரின் குரல் அது.

மாண்டவர்களுக்குரிய கடனைத் தமிழர் ஓரளவு அறிந்தே இருந்தனர். கல்லைத் தேர்ந்து கண்டு, நீர்ப்படுத்தி, நட்டு, வாழ்த்துவது வரையில் நடுகல்லின் துறைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. போரில் பட்டவரின் சுற்றத்தாருக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடும் வழக்கமும் இருந்தது. 1999-இல் கார்கில் போரின்போது படாலிக் முனையில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச்சின்னம் எழுந்தது. ஆனால் உயிரோடு திரும்புகிறவனை எதிர்கொள்ள நமக்குப் பயிற்சி இல்லை. 2022-க்கு முன் படையில் சேர்ந்து, பதினைந்து ஆண்டுச் சேவைக்குப் பின் ஓய்வூதியத்திற்கு உரியவனாகிவிடும் சிப்பாய், நாற்பது வயதை எட்டும் முன்னரே பெட்டியோடு ஊர் வந்து இறங்குகிறான். எத்தனை பேரைச் சுட்டாய் என்று தேநீர்க் கடையில் கேட்கிறோம். அவன் வாய் திறவாவிட்டால் கர்வி என்கிறோம். இரவெல்லாம் உறக்கமின்றி வரப்பில் நடந்தால் குடிகாரன் என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். இவை கொடுமையால் செய்யப்படுபவை அல்ல என்று அறிவேன், அறியாமையால் செய்யப்படுபவை. அறியாமைக்கு மருந்து கல்வியேயன்றி வேறில்லை.

அவன் எல்லையில் இருந்த காலத்தில் அவன் மனைவி நடத்திய வாழ்க்கையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மேட்டூர் திறந்து முறை வைத்துத் தண்ணீர் விடும்போது வாய்க்கால் தலைப்பில் தன் முறையைக் கேட்டுப் பெற்றவள் அவள். நடவாட்களைத் திரட்டியவளும், கொள்முதல் நிலையத்தில் மழைக்கு அஞ்சி நெல் மூட்டைகளோடு காத்திருந்தவளும் அவளே. அவனுக்குக் கிடைக்கும் விடுமுறை குறுவையையோ சம்பாவையோ பார்த்து வருவதில்லை. சிறுத்தொண்டர் கதையிலும், அவர் மனைவி திருவெண்காட்டு நங்கையும் சந்தனத் தாதியும் இல்லையேல் தொண்டு ஓர் அடியும் நகராது. புகழ் அவருக்கும் வேதனை அந்த வீட்டுப் பெண்களுக்குமாகப் பங்கிடப்பட்டதை எண்ணுந்தோறும் என் மனம் கலங்குகிறது.

தஞ்சையில் 2013-இல் திறக்கப்பட்ட விமானப்படைத் தளத்திலிருந்து எழும் போர் விமானங்கள் நம் தலைக்கு மேலேயே பறக்கின்றன. படை நமக்குத் தூரத்துச் செய்தி என்று இனியும் சொல்வதற்கில்லை. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இயங்குகிறது. டிசம்பர் 7-ஆம் நாள் கொடி நாள் நிதியும் திரட்டப்படுகிறது. எனினும் உண்டியலில் இட்ட காசு, பக்கத்து வீட்டார் அறிய வேண்டியதை அவர்களுக்கு அறிவிக்காது. படைவீரன் விதவைக்கு எந்தச் சான்று எங்கே வேண்டும் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரும் கூட்டுறவுச் சங்கச் செயலாளரும் அறிந்திருத்தல் வேண்டும். வடநாட்டுப் பள்ளிகளில் மாறி மாறிப் படித்துத் தமிழ் எழுத்துத் தடுமாறும் குழந்தையை ஆசிரியர் மந்தபுத்தி என்று ஒதுக்காதிருக்க வேண்டும். உறக்கமின்மையும் திடீர்ச் சினமும் மனப்புண்ணின் குறிகளாக இருக்கலாம் என்பதைக் கிராமச் செவிலியரும், எல்லாவற்றினும் மேலாக உறவினரும், கற்றிருக்க வேண்டும்.

இதற்குரிய பாடசாலை நம் ஊர்களிலேயே இருக்கிறது. திரௌபதியம்மன் கோயில்களில் பல இரவுகள் ஊர் கூடிப் பாரதம் கேட்கிறது. படுகளத்தில் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். வென்றும் ஆறாத தர்மபுத்திரரின் துக்கத்தைக் குழந்தைகள்கூட அறிந்திருக்கிறார்கள். போரின் துன்பத்தைப் பொறுமையோடு கேட்கும் ஆற்றல், ஆக, நம்மிடம் இல்லாததன்று. பாரதம் நடத்தும் ஊரார்க்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு: அடுத்த ஆண்டுத் திருவிழாவில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, நல அலுவலகத்தாரை வரவழைத்துச் சட்டதிட்டங்களை விளக்கச் செய்யுங்கள்; ஊரில் உள்ள படைவீரர் குடும்பங்களை முன்வரிசையில் அமர்த்துங்கள்; அவர்கள் பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேளுங்கள்; விரும்பாவிடில் வற்புறுத்தாதிருங்கள்.