யார் வீட்டுச் சாமி

கொங்கு நாட்டில் புதிதாக அறிமுகமாகும் ஒருவரிடம் ஊர், பேர் விசாரித்து முடித்ததும் பெரியவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "குலசாமி எதுங்க?" என்பது. சாமி கும்பிடுவீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கும்பிடாதவனுக்கும் குலசாமி உண்டு. ரத்த வகை மாதிரி அது பிறக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. கேட்பவருக்கு வேண்டிய தகவலும் பக்தி பற்றியதல்ல. கோயிலின் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், சாதிக்குள் கூட்டம் தெரிந்துவிடும். ஒரே கூட்டமென்றால் பங்காளி, பெண் கொடுக்கவும் எடுக்கவும் முடியாது. வேறு கூட்டமென்றால் மாமன், மச்சான். முன்பின் தெரியாத ஒருவரோடு எப்படிப் பழக வேண்டும் என்பதை அந்த ஒரு சொல் முடிவு செய்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில் 'என் நம்பிக்கை என்னுடையதுதானா?' என்று ஒருவன் யோசித்தால், அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

கேள்வி பழையது. பதினோராம் நூற்றாண்டில் பிறந்த அல் கஸ்ஸாலி, கிறிஸ்தவர் வீட்டுக் குழந்தை கிறிஸ்தவராகவும் யூதர் வீட்டுக் குழந்தை யூதராகவும் முஸ்லிம் வீட்டுக் குழந்தை முஸ்லிமாகவும் வளர்வதைக் கவனித்ததுதான் தன்னுடைய தேடலின் தொடக்கம் என்று தன்வரலாற்று நூலில் எழுதுகிறார். 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் இதே விஷயத்தை இன்னும் கறாராகச் சொன்னார்: லண்டனில் ஒருவரைத் தேவாலயத்துக்கு அனுப்பும் காரணங்களே பீகிங்கில் அவரைப் பௌத்தராகவோ கன்பூசியராகவோ ஆக்கியிருக்கும். நாத்திகர்கள் மேடையில் விரும்பிப் பயன்படுத்தும் வாதம் இது. 'நீ சவூதியில் பிறந்திருந்தால் முருகனையா கும்பிட்டிருப்பாய்?' என்ற வடிவத்தில் சின்ன வயதில் நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

கேட்டது எங்கள் வீட்டில். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து 'விடுதலை' படிப்பார். அம்மா அமாவாசை தவறாமல் விரதம் இருப்பார். நான் அப்பா பிள்ளை. பத்து வயதில் கடவுள் இல்லை என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதே வயதில் கந்த சஷ்டிக் கவசம் மனப்பாடம். இரண்டு பேருமே யோசித்து அந்த இடத்துக்கு வரவில்லை. அவனுக்கு அவன் வீட்டில் கொடுத்தார்கள், எனக்கு என் வீட்டில் கொடுத்தார்கள். மில்லின் வாதம் அவன்மீது பாய்கிறது என்றால் என்மீதும் அதே வேகத்தில் பாய வேண்டும்.

ஜி. ஏ. கோஹென் என்ற தத்துவப் பேராசிரியர் இதை மறைக்காமல் எழுதியவர். மான்ட்ரியலில் ஒரு யூதக் கம்யூனிஸ்ட் குடும்பத்தில் மத எதிர்ப்போடு வளர்ந்தவர். அவருடைய அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரம் ஓட்டியவர், அப்பா துணி வெட்டுபவர். முதல்முறை படித்தபோது 'அட, நம்ம ஊர் ஆளு' என்று தோன்றியது. 2000இல் வெளிவந்த, சமத்துவம் பற்றிய தன் நூலில் கோஹென் ஒரு சங்கடத்தை எழுப்புகிறார். வேறு வீட்டில் வளர்ந்திருந்தால் இதை நம்பியிருக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். அப்படித் தெரிந்த பிறகும் இதை நம்புவதற்கு எனக்கு என்ன நியாயம்? மதத்துக்கு மட்டுமல்ல, தன்னுடைய சமத்துவக் கொள்கைக்கும், கல்லூரியில் கற்ற தத்துவ நிலைப்பாட்டுக்கும்கூட இந்தக் கேள்வி பொருந்தும் என்கிறார். சுலபமான விடை எதையும் அவர் தரவில்லை.

பொறியியல் படித்தவன் உடனே ஒரு பதில் சொல்வான். எங்கிருந்து வந்தது என்பது வேறு, சரியா தப்பா என்பது வேறு. பிதாகரஸ் தேற்றத்தை வாத்தியார் அடித்துச் சொல்லிக் கொடுத்தார் என்பதற்காக அது பொய்யாகிவிடாது. உண்மைதான். ஆனால் தேற்றத்தை நானே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு வாத்தியார் கூட வேண்டாம். கடவுளுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட சோதனை எதுவும் இல்லை. சிவன்மலை முருகன் கோயிலில் 'ஆண்டவர் உத்தரவுப் பெட்டி' இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார், சாமியிடம் பூக்கேட்டு உத்தரவு கிடைத்தபின் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அந்தப் பொருள் தொடர்பாக நாட்டில் ஏதோ நடக்கும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்த பிறகு வெள்ளம் வந்தாலும் அது பொருந்தும், வறட்சி வந்தாலும் பொருந்தும். அம்மாவுக்கு அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் சாட்சி சொல்கிறது. அப்பாவுக்கும் ஒவ்வொரு முறையும் சாட்சி சொன்னது, எதிர்ப் பக்கத்துக்கு. வீட்டில் வாங்கிய கண்ணாடியைக் கழற்றாமல் பெட்டியைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அப்படியானால் வளர்ப்புதான் விதியா? இல்லை என்பதற்குத் தமிழில் பெரிய சாட்சிகள் இருக்கிறார்கள். 1879இல் ஈரோட்டில் பிறந்த ராமசாமி வளர்ந்தது பாகவதர்களும் சாமியார்களும் வந்து போகும், பக்தி நிறைந்த வைணவ வணிகர் வீட்டில். 1904இல் வீட்டைவிட்டுக் கிளம்பிக் காசிக்குப் போனார். பிராமணர் அல்லாதவர் என்பதால் சத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டு, எச்சில் இலையில் மிஞ்சியதை எடுத்துச் சாப்பிட நேர்ந்தது. திருநாவுக்கரசர் கதை எதிர்த்திசையில் போவது. சைவக் குடும்பத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, அக்கா திலகவதியார் வளர்க்க, சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆகிறார். சூலை நோய் வந்தபோது திரும்பி வருவது அக்காவிடம். திருவதிகையில் அக்கா கையால் திருநீறு வாங்கிக்கொள்கிறார் என்கிறது பெரியபுராணம். இரண்டிலும் நான் கவனிப்பது ஒன்று. ஒருவரும் உட்கார்ந்து வாதங்களைத் தராசில் வைத்து நிறுத்து மாறவில்லை. பசியும் வலியும் மாற்றின. யார் சோறு போட மறுத்தார்கள், யார் கை கொடுத்தார்கள் என்பதுதான் இரண்டு கதைகளிலும் திருப்பம்.

அதாவது நம்பிக்கை தலைக்குள் மட்டும் நடக்கும் காரியம் இல்லை. இது எனக்குப் புரிந்தது எந்தப் புத்தகத்தாலும் அல்ல, அம்மாவால்தான். குலசாமி ஆண்வழியில் வருவது. கல்யாணமான அன்றைக்கே பெண்ணுக்குக் குலசாமி மாறிவிடுகிறது. ஊரில் பாதிப் பேர் இருபது, இருபத்தைந்து வயதில் சாமியை மாற்றிக்கொள்கிறார்கள். யாரும் அதை மதமாற்றம் என்று சொல்வதில்லை. ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, இருவது வருசம் கும்பிட்ட சாமிய உட்டுட்டு இந்தச் சாமியக் கும்பிட எப்பிடி மனசு வந்துச்சு?"

"மனசெல்லாம் எங்க கண்ணு மொதல்ல வருது? கைதான் மொதல்ல கும்புடும். பத்து வருசம் போனா மனசு தானா வந்துரும்."

பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் நம்பிக்கையற்றவனுக்குச் சொன்ன யோசனையும் இதுதான்: நம்புகிறவர்கள் செய்வதை எல்லாம் நீயும் செய், பூசைக்குப் போ, தீர்த்தம் எடுத்துக்கொள், நம்பிக்கை பின்னால் வரும். பாஸ்கல் அதை ஒரு வழிமுறையாகச் சிபாரிசு செய்தார். அம்மாவுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை.

அப்பா நேர் எதிர். கை இருந்தது, மனசு இல்லை. வருடாவருடம் தலைக்கட்டு வரி கட்டுவார். மாசி நோன்பிக்கு எங்களோடு வந்து, கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வரவு செலவு நோட்டு எழுதுவார். ஏன் என்று கேட்டால், "சாமிக்கா குடுக்கறேன்? பங்காளிகளுக்குக் குடுக்கறேன்" என்பார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. அதற்கு முன்னுதாரணமும் உண்டு. பெரியாரே ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்து நிர்வாகத்தைச் செம்மையாக நடத்தியவர்.

எங்கள் தலைமுறையில் கையும் மாறிக்கொண்டிருக்கிறது. ஷிப்மெண்ட் தேதி நோன்பியைப் பார்ப்பதில்லை. கிராமத்தை விட்டு வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களுக்குக் குலசாமி வருடத்துக்கு ஒருநாள் பயணமாகிவிட்டது. திருப்பூரில் எல்லோரும் சேர்ந்து செய்கிற சடங்கென்றால் கம்பெனி ஆயுத பூஜைதான். ஓவர்லாக் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். ஒடிசாப் பையனும் பீகார்ப் பையனும் வரிசையில் நிற்பார்கள், செக்கிங் பிரிவில் இருக்கும் கிறிஸ்தவ அக்காவும் முஸ்லிம் அண்ணனும் பொரி கடலை வாங்கிக்கொள்வார்கள். இதில் யார் எதை நம்புகிறார்கள் என்று கணக்கெடுத்தால் ஒன்றும் தேறாது. பங்கேற்பு மட்டும் நூற்றுக்கு நூறு.

ஆகவே நம்பிக்கை தேய்கிறது, மதம் தளர்கிறது என்று எழுதுகிறவர்கள் எதை அளக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வரும். தேயாமல் இருப்பது வேறு ஒன்று. கல்யாணத் தகவல் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொங்குப் பகுதிக்கான தளங்களில் நான் பார்த்தவற்றில் கூட்டத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, நிரப்பாமல் மேலே போக முடியாது. கடவுள் நம்பிக்கை உண்டா என்ற கட்டத்தை நான் பார்த்ததில்லை. மென்பொருள் எழுதுகிறவனுக்குத் தெரியும், எதைக் கட்டாயக் கட்டமாக வைக்கிறோமோ அதைத்தான் அந்த அமைப்பு உண்மையில் பொருட்படுத்துகிறது.

கடவுள் இல்லை என்று எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லலாம், சிரிப்பார்கள். கூட்டம் இல்லை, சாதி இல்லை என்று ஒரு கல்யாணத்தில் செய்து காட்டினால் சிரிக்க மாட்டார்கள். 2016 மார்ச்சில், இதே மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் என்ற தலித் பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணை அவர் மணந்திருந்தார். அங்கே யாரும் யாருடைய கடவுள் நம்பிக்கையையும் விசாரிக்கவில்லை. 1922இல் திருப்பூரில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டில் பெரியார் கொண்டுவந்ததும் கடவுள் மறுப்புத் தீர்மானம் அல்ல. எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் நுழைய உரிமை வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அதைத்தான் நிறைவேற விடாமல் தடுத்தார்கள். எல்லாச் சாதியாருக்கும் எல்லாக் கோயில்களையும் திறந்துவிடும் சட்டம் வர 1947 ஆயிற்று.

வளர்ப்பு நமக்குக் கொடுப்பதில் கடவுள் ஒரு பகுதிதான். வாதத்துக்கு எடுத்துக்கொள்ள ஏற்ற பகுதியும் அதுதான். யாரோடு ஒரே பந்தியில் உட்காரலாம், யார் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதை யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. குழந்தை பார்த்துக் கற்றுக்கொள்கிறது. சொல்லித் தராதது என்பதால் அதை மறுத்துப் பேச வேண்டும் என்று பிற்பாடு தோன்றுவதும் இல்லை. ஆத்திகனாக வளர்ந்தவன் நாத்திகனாகலாம், நாத்திகன் திரும்பிப் போகலாம். இரண்டு பேரும் அதே பந்தியில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

அப்படியானால் குழந்தையை எதையும் கொடுக்காமல் வளர்ப்பது வழியா? தமிழக அரசு 1973லேயே பள்ளிச் சான்றிதழில் சாதி, மதக் கட்டங்களை வெறுமையாக விட அனுமதித்தது. 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா, சாதியும் மதமும் அற்றவர் என்று அரசிடம் சான்றிதழே வாங்கினார். எனக்கு அவர்மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய பெற்றோரும் வழக்கறிஞர்கள், பள்ளியில் சேர்க்கும்போதே அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டவர்கள். வெற்றுக் கட்டமும் வீட்டிலிருந்து வந்ததுதான். எதுவும் கொடுக்காத வளர்ப்பு என்று ஒன்று கிடையாது. கோயிலுக்குக் கூட்டிப் போவதும் பாடம், கூட்டிப் போகாததும் பாடம்.

கொடுத்ததைக் குழந்தை பின்னால் சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு இடம் விட்டோமா என்பதைத்தான் கேட்க முடியும் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த இடம் கிடைத்தது அப்பாவின் வாதங்களில் இல்லை. அம்மாவின் கையும் அப்பாவின் நோட்டும் ஒரே வீட்டில் இருந்ததில் கிடைத்தது. ஒருவர் மற்றவரை மாற்ற முயலவில்லை. இரண்டில் ஒன்றுதான் உலகம் என்று எனக்குத் தோன்றாமல் போனதற்கு அதுவே காரணம்.

அப்பா போய் நான்கு வருடமாகிறது. வரி இப்போது என் பேரில் வருகிறது. மகளுக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டையடித்துக் காது குத்த வேண்டும், வரும் மாசியில் செய்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார். எனக்கு மறுப்பில்லை. பாட்டியின் கை எப்படிக் கும்பிடுகிறது என்று அவள் பார்க்கட்டும், அப்பன் ஏன் கும்பிடவில்லை என்றும் கேட்கட்டும். ஆனால் அந்தக் கோயிலில் தப்பட்டை அடிக்க வருகிறவர்களுக்கு இன்றும் கடைசிப் பந்தி, அதுவும் மதிலுக்கு வெளியே. அதை அவள் பார்த்துக் கற்றுக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: இந்த வருடம் எல்லோருக்கும் உள்ளே ஒரே பந்தி என்றால் வரியோடு பந்திச் செலவில் பாதியும் என்னுடையது.

இரண்டு நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இளசுகள் மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். பிறகு ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் போனில் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீ சாமியே இல்லீங்கற ஆளு. பந்தி எப்பிடிப் போட்டா உனக்கென்னப்பா?"

"சாமி இல்லீன்னுதானுங்க சித்தப்பா சொன்னேன். பந்தி இல்லீன்னு சொல்லலீங்களே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெரியவங்க கூடிப் பேசிச் சொல்றோம் என்று வைத்துவிட்டார். மாசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.