நாவூறு

சில வாரங்களுக்கு முன் நம் கிளையின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, யாருக்கும் கெடுதல் வராத பொய் சொன்னா, அதுவும் பாவமா?"

எல்லாரும் சிரித்தார்கள். வகுப்பை நடத்துகிறவன் நான்; பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். "அடுத்த வாரம் பேசலாம்"னு மழுப்பிவிட்டேன். அடுத்த வாரமும் பேசவில்லை. பேசுவதாக இருந்தால் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அதை எழுதலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. இந்தத் தடவையாவது கேட்டீங்களே" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது போகப் போகப் புரியும்.

நான் சொன்ன பொய் பெரிய பொய் கூட இல்லை. ஒரு குழந்தையின் பால், தூக்கம், இந்த இரண்டைப் பற்றித்தான்.

எங்கள் மகள் பிறந்தபோது எனக்கு 7 நாள் விடுப்பு கிடைத்தது. 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் அப்பாக்களுக்குச் சட்டம் கொடுக்கிற விடுப்பு அது. அம்மாக்களுக்கு 98 நாள். ஏழு நாளில் எல்லாம் பழகிடும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வீட்டுக்கு வந்து குழந்தையை நிறுத்துப் பார்த்தார். பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் பழையபடி ஏறிவிடும். எங்கள் மகளுக்குக் குறைய வேண்டியதைவிட அதிகமாகவே குறைந்திருந்தது. தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தாமல், கூடவே பால்மாவும் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

என் மனைவி சாப்பிடாத பத்தியம் இல்லை. சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, பூண்டு என்று மூன்று வேளையும் அதுதான். பால் வந்தது. ஆனால் பிள்ளைக்குப் பத்தவில்லை.

தூக்கம் அதைவிட மோசம். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் ஒரே மூச்சில் தூங்காது. இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டாகத்தான். எங்கள் மகளுக்குத் துண்டு நாற்பது நிமிடம். ஏணையின் ஸ்பிரிங் ஆட்டம் நின்றால் கண் திறந்துவிடுவாள். விடியற்காலை மூன்று மணிக்கு அவளைக் காரில் வைத்துக் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாம் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்த இரவுகள் உண்டு. கார் ஓடினால் தூங்குவாள். சிவப்பு விளக்கில் நின்றால் அழுவாள்.

முப்பதாம் நாள் விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அத்தைமார்கள் ஏணையைச் சுற்றி நின்றுகொண்டு கேட்டார்கள்: "தாய்ப்பால்தானேம்மா? ராத்திரி தூங்குறாளா?"

என் மனைவி தலையைக் குனிந்தார். எனக்குத் தாங்கவில்லை. முந்திக்கொண்டு சொன்னேன்: "தாய்ப்பால் மட்டும்தான் அத்தை. ராத்திரி படுத்தா காலையிலதான் எழும்புவா."

அத்தைகளுக்கு சந்தோஷம். பால்மாவு டின்னை அன்று காலையே அரிசித் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். மனைவியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு தடவை சொன்னதை மறு தடவை மாற்ற முடியவில்லை. வேலை இடத்தில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள், நம் கிளையிலும் கேட்டார்கள். எல்லா இடத்திலும் அதே பதில். கொஞ்ச நாளில், குழந்தை வளர்ப்பில் விவரம் தெரிந்தவன் என்ற பெயரும் எனக்கு வந்துவிட்டது.

நாலு மாதம் கழித்து நம் இயக்கத்துத் தம்பி ஒருவனுக்கு மகன் பிறந்தான். ஒரு நாள் இரவு போன் அடித்தான். "அண்ணே, பையன் தூங்கிக்கிட்டே இருக்கான். பாலுக்குக் கூட எழும்ப மாட்டேங்குறான். எழுப்பணுமா? இவ வேற பால் பத்தலையோன்னு அழுதுக்கிட்டு இருக்கா."

எனக்குத் தெரியாது, உடனே மிஸ்ஸியைக் கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நீ கொடுத்து வச்சவன்டா. எங்க பாப்பாவும் அப்படித்தான். தூங்குற பிள்ளையை எழுப்பாதே. பால் எல்லாருக்கும் வரும், பொறுமையா இருக்கச் சொல்லு."

மறுநாள் மாலை அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில். மஞ்சள் காமாலை.

டாக்டர் விளக்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது. பச்சைக் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். முதல் வாரங்களில் தானாக எழும்பாவிட்டால் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். உடம்பில் சேரும் பிலிருபின் மலத்தோடு வெளியேற வேண்டும். பால் போதாவிட்டால் அது தேங்கி, காமாலை ஏறும். காமாலை ஏற ஏறக் குழந்தைக்குத் தூக்கம் அதிகமாகும். தூங்கத் தூங்கப் பால் இன்னும் குறையும். ரொம்ப ஏறிவிட்டால் மூளையையே பாதிக்கும். நான் "கொடுத்து வச்சவன்" என்று சொன்ன அந்தத் தூக்கம், அந்தப் பிள்ளையின் உடம்பு கொடுத்த எச்சரிக்கை.

நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். நாலு நாள். பிள்ளை தேறிவிட்டான், இப்போது ஓடி விளையாடுகிறான். ஆனால் அன்று அந்தத் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு மட்டும் ஏண்ணே இப்படி?" என்று கேட்டான். என் பொய்யை நம்பிய ஒருத்தன் தன்னையே குறை சொல்லிக்கொண்டு நிற்கிறான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "உனக்காகத்தான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன்" என்றேன். அவர் கோபத்தில் கத்தவில்லை. "எனக்காகன்னு சொல்லாதீங்க. என்னைக் கேட்டீங்களா? அன்னிக்கு நீங்க டின்னை மறைச்சீங்க பாருங்க, அப்பத்தான் இது மறைக்க வேண்டிய விஷயம்னு எனக்கே தெரிஞ்சுச்சு" என்றார்.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் மனைவி அந்தத் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, எடை குறைந்தது, பால்மாவு, மூன்று மணி கார் ஓட்டம், எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு எதற்கோ சிரித்தார்கள். தம்பி மட்டும் என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இப்போது வகுப்பில் வந்த கேள்விக்கு வருவோம். திருக்குறளில் 30-ஆம் அதிகாரம் வாய்மை. யாருக்கும் எந்தத் தீங்கும் தராத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் தொடங்குகிறார். அடுத்த குறளில், குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்கிறார். நான் அந்த இரண்டாவது குறளைப் பிடித்துக்கொண்டுதான் பல நாள் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அதில் உள்ள நிபந்தனை கடினமானது. குற்றமில்லாத நன்மை என்றால், கேட்கிற யாருக்கும் அதனால் கேடு வரக்கூடாது. என் பேச்சு யார் யார் காதுக்குப் போகும், அதை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அது தெரியாதபோது, கெடுதல் வராத பொய் என்று முன்கூட்டியே முடிவு செய்ய நான் யார்?

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் வேறொன்றைச் சொன்னார். பாட்டி பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பிரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். "உங்கப்பனுக்கு என் பால் பத்தல. பக்கத்து வீட்டு அக்கா குடுத்தா. அதுவும் இல்லாதப்போ டின் பாலைத்தான் கரைச்சுக் குடுத்தேன். லயத்துல யாருக்குத் தெரியாது? பலகைச் சுவரு. ஒரு வீட்டுப் புள்ள அழுதா ஆறு வீட்டுக்குக் கேக்கும்."

டின் பாலுக்கும் ஒரு கதை உண்டு. இனிப்புச் சேர்த்த கெட்டிப் பாலைக் குழந்தைக்கு நல்லது என்று நம்ப வைத்து விற்ற காலம் அது. 1939-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் அதைக் கண்டித்துப் பேசினார். அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. குழந்தை உணவைப் பற்றிய தவறான பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். நான் எதையும் விற்கவில்லைதான். ஆனால் நானும் ஒரு குழந்தையின் உணவைப் பற்றித் தவறாகச் சொன்னவன்தான்.

பாட்டி சொன்னதை யோசித்துப் பார்த்தேன். லயத்தில் அடுத்த வீட்டு உண்மை தானாகக் காதில் விழுந்தது. முதல் பிள்ளை பெற்றவள், எல்லா வீட்டிலும் ராத்திரி அழுகை உண்டு என்று கேட்டே தெரிந்துகொண்டாள். இன்று நாம் கல் சுவருக்குள், அடுக்குமாடியில் இருக்கிறோம். அடுத்த வீட்டுக் குழந்தை அழுவது நமக்குக் கேட்பதில்லை. நாம் வாய் திறந்து சொல்வது மட்டும்தான் வெளியே போகிறது. அதனால் அந்தச் சொல்லுக்குப் பாரம் கூடிவிட்டது.

நம் பெரியவர்கள் 'பிள்ளை நல்லா சாப்பிடுது, நல்லா தூங்குது' என்று வெளியில் பெருமை பேச மாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்பார்கள். கண்ணூறோடு சேர்த்து நாவூறு என்றும் ஒன்றைச் சொல்வார்கள். அடுத்தவர் நாக்கு நம் பிள்ளையைத் தாக்கும் என்று பயந்து உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறோம். என் நாக்கு அடுத்தவன் பிள்ளையைத் தாக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். பால் பத்தியதா இல்லையா என்பது பெற்றவளின் சொந்த விஷயம். அவள் விரும்பாவிட்டால், "பிள்ளை நல்லா இருக்கா அத்தை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அது பொய்யில்லை. மௌனம் நம் உரிமை. ஆனால் ஒருவன் தன் பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டு நிற்கும்போது, நல்ல பாதியை மட்டும் காட்டக்கூடாது. கஷ்டப்பட்ட பாதியையும் காட்ட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

வெட்கப்படவும் இதில் ஒன்றும் இல்லை. நாம் பால்குடம் எடுக்கிற முருகனைக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்த்தார்கள். கண்ணன் வளர்ந்தது யசோதையிடம். யார் பால், எந்தப் பால் என்று கேட்டு நாம் அவர்களைக் கும்பிடுவதில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: பாவமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் யாருக்கும் கெடுதல் வராத பொய் என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. நான் சொன்னது அப்படி ஒன்று என்றுதான் நானும் நினைத்தேன்.

இப்போது பால்மாவு டின் எங்கள் அடுப்படி மேசை மேலேயே இருக்கிறது. அத்தைகள் வந்தாலும் அங்கேதான் இருக்கும்.